அவசர கருத்தடை மாத்திரை: தமிழ்நாட்டில் தடை இருக்கிறதா? எத்தனை மணி நேரத்துக்குள் போட வேண்டும்? கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

பாதுகாப்பற்ற உடலுறவுக்குப் பிறகு கர்ப்பம் ஆகாமல் தடுக்கும் மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமலேயே மெடிக்கல் ஷாப்பில் விற்கலாம் என்று மத்திய அரசு 2005-ம் ஆண்டே அனுமதித்துவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்டால், "அது இங்க வர்றதில்லைங்க", "தமிழ்நாட்டுல தடை பண்ணிட்டாங்களே" என்பது போன்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. ஓசூரைத் தாண்டி பெங்களூரு போனால் இதே மாத்திரை சாதாரணமாகக் கிடைக்கிறது.

இந்த மாத்திரைக்கு நேரம்தான் எல்லாம். இரண்டு நாள் கடை கடையாக அலைந்தால், அந்த இரண்டு நாளில் மாத்திரையின் பலனும் குறைந்துகொண்டே போகும். அதனால் இதைப் பற்றிய அடிப்படைத் தகவல்களை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சுருக்கமாகச் சொன்னால்...

- அவசர கருத்தடை மாத்திரைக்கு தமிழ்நாட்டில் சட்டப்படி தடை இல்லை.
- 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது.
- இது கருக்கலைப்பு மாத்திரை அல்ல. ஏற்கெனவே உண்டான கர்ப்பத்தை இது கலைக்காது.
- மாத்திரை கிடைக்காவிட்டால் 5 நாட்களுக்குள் அரசு மருத்துவமனையில் காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம். மாத்திரையைவிட அதன் பலன் அதிகம்.
- பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கு எந்த மருத்துவமனையும், தனியார் மருத்துவமனை உட்பட, இலவச சிகிச்சை தர மறுக்க முடியாது.

அவசர கருத்தடை என்றால் என்ன?

காண்டம் கிழிந்துவிட்டது. தினமும் போடும் கருத்தடை மாத்திரையைச் சில நாட்கள் மறந்தாகிவிட்டது. எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் உறவு நடந்துவிட்டது. அல்லது, பெண்ணின் விருப்பத்துக்கு மாறாக நடந்துவிட்டது. இந்த மாதிரி நேரங்களில், நடந்த பிறகு கர்ப்பத்தைத் தடுப்பதற்கான வழிதான் அவசர கருத்தடை.

இந்தியாவில் இதற்கு அதிகம் பயன்படுவது லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் மாத்திரை. 1.5 மில்லிகிராம் அளவில் ஒரே ஒரு மாத்திரை. கடைகளில் ஐ-பில், அன்வாண்டட்-72 போன்ற பெயர்களில் வருகிறது. அரசு குடும்ப நலத் திட்டத்தில் ஈஸி பில் என்ற பெயரில் வழங்கப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இந்த மருந்து இருக்கிறது.

உலிபிரிஸ்டல் என்ற இன்னொரு மாத்திரையும் பல நாடுகளில் பயன்பாட்டில் உள்ளது. அதை 5 நாட்கள் வரை போடலாம். மூன்றாவது வழி, காப்பர்-டி.

உடலில் என்ன செய்கிறது?

உறவு முடிந்த உடனே கர்ப்பம் ஆகிவிடுவதில்லை. ஆணின் உயிரணு பெண்ணின் உடலில் 5 நாட்கள் வரை உயிரோடு இருக்கும். அந்த நாட்களுக்குள் சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளிவந்தால்தான் கரு உருவாக வாய்ப்பு.

லெவோநார்ஜெஸ்ட்ரல் செய்வது, அந்தக் கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவது அல்லது நிறுத்துவது. முட்டை வராவிட்டால் கரு உருவாகாது. ஆனால் முட்டை ஏற்கெனவே வெளிவந்துவிட்டால் இந்த மாத்திரையால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. 'சீக்கிரம் போடுங்க' என்று டாக்டர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். முட்டை எந்த நேரத்தில் வரும் என்று யாராலும் கச்சிதமாகச் சொல்ல முடியாது.

உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்குப்படி, லெவோநார்ஜெஸ்ட்ரல் போட்ட பெண்களில் 1.2 முதல் 2.1 சதவீதம் பேர் கர்ப்பமாகிறார்கள். ஆக, இது நன்றாக வேலை செய்யும் மாத்திரைதான். ஆனால் நூற்றுக்கு நூறு அல்ல.

72 மணி நேரம் தாண்டிவிட்டால்?

மாத்திரை அட்டையில் 72 மணி நேரம் என்றுதான் இருக்கும். 5 நாட்கள் வரை ஓரளவு பலன் இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் நாள் கடக்கக் கடக்க நம்பகத்தன்மை குறையும். 72 மணி நேரம் தாண்டியவர்கள் மாத்திரையை மட்டும் நம்பாமல் காப்பர்-டி பற்றி டாக்டரிடம் கேட்பது நல்லது.

கருக்கலைப்பு மாத்திரையும் இதுவும் ஒன்றா?

இல்லை. இந்தக் குழப்பம்தான் பாதிப் பிரச்னைக்குக் காரணம்.

கருக்கலைப்புக்குப் பயன்படுவது மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற வேறு இரண்டு மருந்துகள். அவை கர்ப்பம் உறுதியான பிறகு, மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின்படி, தகுதி பெற்ற டாக்டரின் மேற்பார்வையில் தரப்படுபவை. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது.

அவசர கருத்தடை மாத்திரை கர்ப்பம் ஆகும் முன் வேலை செய்வது. ஏற்கெனவே கர்ப்பமாக இருக்கும் ஒருவர் தெரியாமல் இதைப் போட்டுவிட்டாலும் கர்ப்பம் கலையாது. கருவுக்கும் பாதிப்பு வராது. கடைக்காரரும் வாங்க வருபவரும் இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொள்ளும்போது, சட்டம் அனுமதித்த மருந்துகூட ஒளித்து விற்கும் பொருளாகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் தடை உண்டா?

சட்டப்படி இல்லை. ஒரு மருந்தின் தயாரிப்பையும் விற்பனையையும் தடை செய்யும் அதிகாரம், மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26ஏ பிரிவின்படி மத்திய அரசிடம் இருக்கிறது. இந்த மாத்திரைக்கு அப்படி எந்தத் தடையும் போடப்படவில்லை. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் தடை எதுவும் இல்லை என்று ஊடகங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அப்படியானால் ஏன் கிடைப்பதில்லை? இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சீட்டு இல்லாத விற்பனைக்கு அனுமதி கிடைத்த அதே 2005-ல், தமிழ்நாட்டில் நடிகை குஷ்பு மீது வழக்குமேல் வழக்கு பாய்ந்தது. திருமணத்துக்கு முன் உறவு வைத்துக்கொள்ளும் பெண்கள் கர்ப்பமும் பால்வினை நோயும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஓர் ஆங்கில இதழிடம் அவர் சொன்ன கருத்துக்காக 23 புகார் வழக்குகள் போடப்பட்டன. அவற்றை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 2010-ல்தான்.

இந்தச் சூழலில், 2007-ல் சிப்லா நிறுவனம் ஐ-பில் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. டிவியில் விளம்பரங்கள் வரத் தொடங்கின. இளம் பெண்களைத் தவறான வழியில் தூண்டுகிறது என்று தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பியது. 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் சட்டம், பெண்கள் கருத்தரிப்பதைத் தடுக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே கட்டுப்படுத்துகிறது. பிரச்னை விளம்பரத்தைப் பற்றியது. ஆனால் கடைக்காரர்கள் மனதில் பதிந்தது 'அந்த மாத்திரை பிரச்னை' என்பது.

அதற்குப் பிறகு அது ஒரு சுழற்சியாகிவிட்டது. ரெய்டு வந்தால் வம்பு என்று கடைக்காரர் வாங்கி வைப்பதில்லை. கடைக்காரர் கேட்பதில்லை என்பதால் மொத்த விற்பனையாளர் இறக்குவதில்லை. கடையில் இல்லை என்பதால் தடை இருக்கிறது என்று மக்கள் நம்பிவிடுகிறார்கள். ஆன்லைனில் ஆர்டர் போட்டாலும் வந்து சேர ஒன்றிரண்டு நாள் ஆகிவிட்டால் பாதி நேரம் அதிலேயே போய்விடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே குழந்தை பிறந்த பிறகு செய்யும் ஆபரேஷன் என்பதுதான் வழக்கம். தேசிய குடும்ப நல ஆய்வுகளின்படி இங்கு திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். குழந்தையைத் தள்ளிப்போட நினைக்கும் புதுமணப் பெண்ணுக்கும், திருமணம் ஆகாத பெண்ணுக்கும், பள்ளி, கல்லூரி வயதுப் பெண்ணுக்கும் இந்த ஏற்பாட்டில் இடம் குறைவு. அவசர கருத்தடை அதிகம் தேவைப்படுவதோ அவர்களுக்குத்தான்.

மெடிக்கல் ஷாப்பில் இல்லை. எங்கே போவது?

அரசு மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம்: மத்திய அரசின் குடும்ப நலத் திட்டத்தில் அவசர கருத்தடை மாத்திரையும் அடக்கம். மகப்பேறு பிரிவிலோ குடும்ப நலப் பிரிவிலோ 'அவசர கருத்தடை மாத்திரை வேணும்' என்று நேரடியாகக் கேட்கலாம். கிராமங்களில் கிராம சுகாதார செவிலியரிடம் விசாரிக்கலாம். மற்ற மாநிலங்களில் ஆஷா பணியாளர்கள் 2 ரூபாய்க்கு வீட்டிலேயே கொண்டுவந்து தரும் திட்டம் உண்டு. தமிழ்நாட்டில் ஆஷா பணியாளர்கள் குறைவு, பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில்தான் இருக்கிறார்கள் என்பதால் இங்கு செவிலியர்தான் முக்கியம்.

காப்பர்-டி: உறவு நடந்த 5 நாட்களுக்குள் கருப்பைக்குள் பொருத்தினால் 99 சதவீதத்துக்கும் மேல் பலன் தரும். அரசு மருத்துவமனைகளில் இலவசம். வேண்டுமானால் அப்படியே விட்டுவிட்டு 10 ஆண்டுகள் வரை கருத்தடையாகவும் பயன்படுத்தலாம்; வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். குழந்தை பெறாதவர்களுக்கும் பொருத்தலாம். ஆனால் இதற்குப் பயிற்சி பெற்ற டாக்டரோ செவிலியரோ தேவை. கட்டாய உறவுக்கு ஆளாகி, பால்வினைத் தொற்று ஏற்பட்டிருக்கும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்கு இது பொருத்தமாக இருக்காது.

தினசரி மாத்திரையை வைத்து: இந்த இரண்டும் கிடைக்காத இடத்தில், அரசு இலவசமாகத் தரும் மாலா-என் போன்ற தினசரி கருத்தடை மாத்திரைகளைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில், 12 மணி நேர இடைவெளியில் இரண்டு தவணையாகப் போடும் பழைய முறை ஒன்று உண்டு. குமட்டல் அதிகம், பலன் குறைவு. எத்தனை மாத்திரை என்பது பிராண்டைப் பொறுத்து மாறும் என்பதால் டாக்டரிடமோ செவிலியரிடமோ கேட்காமல் போடக் கூடாது.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற சுகாதார உதவி எண்ணில் விசாரிக்கலாம்.

18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் போடலாமா?

மருத்துவ ரீதியாக வயது ஒரு தடை இல்லை. குழந்தை பெறும் வயதில் உள்ள எவரும், வளரிளம் பெண்கள் உட்பட, இதைப் போடலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முன்கூட்டியே உடல் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ தேவையில்லை.

அமெரிக்காவிலும் இந்த வயது விவாதம் பல ஆண்டுகள் ஓடியது. 2006-ல் 18 வயதுக்கு மேல் மட்டும் என்று சீட்டு இல்லாமல் விற்க அனுமதித்தார்கள். 2009-ல் அது 17 ஆனது. நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2013-ல் வயது வரம்பே எடுக்கப்பட்டது.

இந்தியாவில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டவருடனான உடலுறவு, சம்மதம் இருந்தாலும், குற்றம். 2017-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, மனைவி 18 வயதுக்கு உட்பட்டவராக இருந்தால் கணவருக்கும் விலக்கு கிடையாது. இந்தக் குற்றம் தெரியவந்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது சட்டத்தின் 19-வது பிரிவு. டாக்டருக்கும் இது பொருந்தும். சொல்லாவிட்டால் தண்டனை உண்டு.

குழந்தைகளைப் பாதுகாக்க வந்த சட்டம் இது. ஆனால் போலீஸ் வரும், வீட்டுக்குத் தெரியும், அந்தப் பையனைப் பிடிப்பார்கள் என்ற பயத்தில், விருப்பத்தோடு உறவில் இருந்த பதின்வயதுப் பெண்கள் ஆஸ்பத்திரி பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள். குழந்தைத் திருமணம் செய்துவைக்கப்பட்டவர்களின் நிலையும் அதுதான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் 6.8 சதவீதம் பேர் அப்போதே தாயாகவோ கர்ப்பமாகவோ இருந்தார்கள்.

2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதில் ஒரு வழி காட்டியது. 18 வயதுக்கு உட்பட்டவர் கருக்கலைப்புக்கு வரும்போது, அவரும் அவருடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் அவரது பெயரையோ அடையாளத்தையோ டாக்டர் சொல்ல வேண்டியதில்லை என்றது. இந்தத் தீர்ப்பு கருக்கலைப்பு பற்றியது. அதற்கு முந்தைய கட்டமான அவசர கருத்தடையைப் பற்றி அது பேசவில்லை.

பதின்வயதுப் பெண் ஒருவர் அம்மாவிடமோ அக்காவிடமோ சித்தியிடமோ வந்து விஷயத்தைச் சொன்னால், முதல் நாளில் செய்ய வேண்டியது விசாரணை அல்ல, மருத்துவ உதவி. திட்டுவதற்கும் பேசுவதற்கும் பிறகு நேரம் இருக்கும். மாத்திரைக்கு அந்த நேரம் இல்லை.

பாலியல் வன்கொடுமை நடந்திருந்தால்?

முதலில் மருத்துவமனை. எஃப்ஐஆர் போட்டுவிட்டு வந்தால்தான் பார்ப்போம் என்று எந்த மருத்துவமனையும் சொல்ல முடியாது. அரசு, தனியார் என எல்லா மருத்துவமனைகளும் உடனடி இலவச சிகிச்சை தர வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 397-வது பிரிவு. மறுத்தால் மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

அந்த சிகிச்சையில் அவசர கருத்தடையும் அடக்கம் என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல் சொல்கிறது. குழந்தைகள் விஷயத்தில், பருவம் அடைந்த சிறுமியிடமும் அவள் நம்பும் பெரியவரிடமும் அவசர கருத்தடை பற்றிப் பேச வேண்டும் என்று 2020 போக்சோ விதிகளே சொல்கின்றன. எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால் தாமதம் கூடாது.

உதவிக்கு: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

போட்ட பிறகு என்ன ஆகும்?

குமட்டல், தலைவலி, சோர்வு, மார்பில் லேசான வலி, இடையில் ரத்தக்கசிவு ஆகியவை சிலருக்கு வரும். பெரும்பாலும் ஓரிரு நாட்களில் சரியாகிவிடும். போட்ட 2 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு மாத்திரை போட வேண்டும்.

அடுத்த மாதவிடாய் சில நாட்கள் முன்னே பின்னே வரலாம். வர வேண்டிய தேதியிலிருந்து ஒரு வாரம் தாண்டியும் வராவிட்டால் சிறுநீர் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். அடிவயிற்றில் கடுமையான வலி, மயக்கம், அதிக ரத்தப்போக்கு இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்த மாத்திரை, போடுவதற்கு முன் நடந்த உறவுக்கு மட்டும்தான். மறுநாள் மீண்டும் பாதுகாப்பில்லாமல் உறவு வைத்துக்கொண்டால் கர்ப்பம் ஆகலாம். பால்வினை நோய்களிலிருந்தும் இது பாதுகாக்காது, அதற்குக் காண்டம்தான்.

யார் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போட வேண்டும்?

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்கள், வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமாசெபின் எடுப்பவர்கள், எச்ஐவிக்குச் சில மருந்துகள் எடுப்பவர்கள். இந்த மருந்துகள் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். உடல் பருமன் அதிகம் உள்ளவர்களுக்கும் பலன் குறையலாம். இவர்களுக்கு காப்பர்-டி நல்ல வழி. தாய்ப்பால் கொடுப்பவர்கள் லெவோநார்ஜெஸ்ட்ரல் போடலாம். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

பரவலாகச் சொல்லப்படுவதும் உண்மையும்

'ஒரு தடவை போட்டா அப்புறம் குழந்தையே பிறக்காது': தவறு. மாத்திரையின் தாக்கம் சில நாட்களில் போய்விடும். அதே மாதத்திலேயே கூட கர்ப்பம் ஆகலாம்.

'மாசாமாசம் இதையே போட்டுக்கலாம்': சரியல்ல. பலமுறை போட்டால் உயிருக்கு ஆபத்து என்று இல்லை. ஆனால் மாதவிடாய் குழம்பும். தினசரி மாத்திரை, காப்பர்-டி, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படும் அந்தரா ஊசி போன்றவற்றைவிட இதன் பலனும் குறைவு.

'கல்யாணம் ஆனவங்களுக்குத்தான் கொடுப்பாங்க': அப்படிச் சட்டம் எதுவும் இல்லை.

'பப்பாளி, அன்னாசி சாப்பிட்டா போதும்': இவை கருத்தடை இல்லை. இதை நம்பி நேரத்தை விடுவதுதான் ஆபத்து.

அதையும் மீறி கர்ப்பம் ஆகிவிட்டால்?

கடையில் தெரிந்தவர் மூலம் மாத்திரை வாங்கிப் போடுவதோ, நாட்டு மருந்து சாப்பிடுவதோ கூடாது. 2021-ல் திருத்தப்பட்ட மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, கருத்தடை பலனளிக்காமல் போனதை ஒரு காரணமாகச் சொல்லி 20 வாரம் வரை கருக்கலைப்பு செய்துகொள்ளலாம். முன்பு 'திருமணமான பெண், அவரது கணவர்' என்று இருந்த வாசகம் இப்போது 'பெண், அவரது துணைவர்' என்று மாறிவிட்டது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள், 18 வயதுக்கு உட்பட்டவர்கள் உள்ளிட்ட சிலருக்கு 24 வாரம் வரை வாய்ப்பு உண்டு. பெண்ணின் பெயரையும் விவரங்களையும் டாக்டர் வெளியில் சொல்வது குற்றம். 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ சம்மதம் தேவை.

20 வாரம், 24 வாரம் என்பதெல்லாம் மாத்திரையின் 72 மணி நேரம் கைநழுவிய பிறகு வரும் கணக்கு. ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே இருக்கிறது, காப்பர்-டி போடும் அரசு மருத்துவமனை எது என்று தேவை வருவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொண்டால், அந்த மூன்று நாட்கள் கடை தேடுவதிலேயே போகாது.